முதலில் ஊர், பிறகு பெயர்

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி இருபது நிமிடம். தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல், ரூ பெர்தொனே தெரு. பாதி திறந்திருந்த மளிகைக் கடையொன்றின் இரும்புக் கதவில் ஒட்டியிருந்த மரண அறிவித்தல்தான் பாரிஸில் நான் நின்று வாசித்த முதல் எழுத்து.

‘பேசாலையைப் பிறப்பிடமாகவும், பிரான்ஸ் பியர்ஃபித்தை வதிவிடமாகவும் கொண்ட எமது அன்புச் சகோதரர் அகால மரணமடைந்தார். நல்லடக்கம் வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. தகவல்: ஊர் உறவுகள்.’ மேலே நீலச் சட்டை போட்ட ஒருவரின் படம். அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் இருபத்தாறு வருடங்கள் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். அதில் பதினொரு வருடம் மரண அறிவித்தல் பக்கம் என் மேசையில் இருந்தது. பிறப்பிடம் தவறிய அறிவித்தல்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு மருமகனின் பெயர் விடுபட்டதற்காக அடுத்த நாள் காலையிலேயே சண்டைக்கு வந்து நின்ற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை காணித் தகராறில் உயிரோடு இருந்த ஒருவருக்கே அறிவித்தல் கொடுத்துவிட்டார்கள். அதன் பிறகு மரணச் சான்றிதழின் பிரதி இல்லாமல் எதையும் ஏற்பதில்லை என்ற விதியை நான்தான் எழுதி, ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கினேன். இறந்தவரின் பெயரே இல்லாத அறிவித்தலை இங்கேதான் முதன்முதலில் பார்த்தேன்.

படத்தில் இருந்தவரின் பெயர் எனக்குத் தெரியும். சந்தியோகு ஜெறோம். வயது நாற்பத்தாறு. மன்னார்க் கரையிலுள்ள பேசாலையில் என் தங்கையின் வீட்டுக்கு அடுத்த வீடு.

பாரிஸ் புறநகரான திரான்சியில் இருக்கும் தங்கை மகளின் பிள்ளைக்குத் தேவாலயத்தில் முதல் நன்மைச் சடங்கு. அதற்காக விசா எடுத்திருந்தேன். புறப்படுவதற்கு இரண்டு நாட்களுக்கு முன் ஜெறோமின் மனைவி கொறற்றி ஒரு பழுப்பு உறையோடு வந்தார். உள்ளே பிறப்புச் சான்றிதழ், ஞானஸ்நான அத்தாட்சி, திருமணப் பதிவு, அடையாள அட்டையின் பிரதி.

“அங்கை அவரை வேறை ஆற்றையோ பேரிலை அடக்கப் போயினமாம் அக்கா. இதைக் காட்டி மாத்துவியுங்கோ” என்றார். அழவில்லை. “பூசையிலை பேர் வாசிக்கலாமாம். சான்றிதழ் இல்லாமல் கோயில் புத்தகத்திலை பதிய ஏலாதெண்டு பங்குச் சுவாமி சொல்லிப்போட்டார். காணி அவரின்ரை பேரிலை. நான் இப்ப ஆர் அக்கா?”

அந்தச் செவ்வாய் காலை திரான்சியிலிருந்து நான் வந்த ரயில், கார் து நோர் நிலையத்துக்குச் சற்று முன் சுரங்கத்துக்குள் நின்றுவிட்டது. ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் எதையோ சொன்னது. பெட்டிக்குள் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொருவர் கைத்தொலைபேசியில், தான் பிந்தி வருவதாக யாருக்கோ சொன்னார். எதிரே இருந்த தமிழ்ப் பெண்ணிடம் என்னவென்று கேட்டேன்.

“ஆரோ பயணிக்குச் சுகமில்லையாம். இஞ்சை ஒவ்வொரு நாளும் இதுதான்” என்றார்.

பன்னிரண்டு நிமிடங்களில் ரயில் நகர்ந்தது. ஜெறோம் மயங்கி விழுந்து இறந்ததும் ஒரு காலை வேளையில், இதே தடத்தின் நிலைய மேடையொன்றில்தான். உணவகச் சமையலறையில் கோப்பை கழுவும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அன்றும் இந்த அறிவிப்பைத்தான் செய்திருப்பார்கள்.

அறிவித்தலை ஒட்டிய கடைக்காரர் பிலிப்பு அண்ணை. அறுபதைத் தாண்டியவர். பேசாலை ஆட்களின் கடிதங்கள், படிவங்கள் எல்லாம் அவருடைய கடையின் பின்பக்கத்தில், பருப்பு மூட்டைகளுக்கு மேல் வைத்துத்தான் நிரப்பப்படுகின்றன. எனக்கு இடியப்பமும் சொதியும் எடுப்பித்துத் தந்தார். சொதி ஊரில் இருப்பதைவிட மஞ்சளாக இருந்தது.

“பேர் எங்கை அண்ணை?” என்று கேட்டேன்.

“எந்தப் பேரைப் போட? உண்மையான பேரைப் போட்டால் ஒருத்தனுக்குக் கரைச்சல். பேப்பரிலை இருக்கிற பேரைப் போட்டால் அந்த ஒருத்தன் உயிரோடை வேலைக்குப் போய் வாறான்.”

அந்த ஒருவர் அருளப்பு அமலதாஸ், ஜெறோமின் சின்னம்மாவின் மகன். பதினெட்டு வருடங்களாக இங்கே இருப்பவர். வதிவிட அட்டை உள்ளவர். ஜெறோம் நான்கு வருடங்களுக்கு முன் வந்தார். அவருடைய அகதி விண்ணப்பம் இரண்டு தடவை நிராகரிக்கப்பட்டது. அந்தக் காட் இல்லாமல் வேலை இல்லை. அமலதாஸ் பொலிசுக்குப் போய், தன் காட் தொலைந்துவிட்டதென்று சொல்லி இன்னொன்று எடுத்தார். தொலையாத பழையது ஜெறோமின் சட்டைப் பைக்குப் போனது. விழுந்த அன்றும் அது அங்கேதான் இருந்தது. ஆஸ்பத்திரி, பைக்குள் இருந்த பெயரை எழுதிக்கொண்டது.

“முகம் பார்க்கேல்லையோ?”

“பார்த்தவங்கள்தான். வெள்ளைக்காரனுக்கு நாங்கள் எல்லாரும் ஒரே அச்சு, அம்மா. கடை லைசென்சிலை இருக்கிற என்ரை மச்சான்ரை படத்தைப் பார்த்துப்போட்டு அது நானெண்டு நினைச்சவங்கள்.” சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, “அமலன் இந்தப் பக்கம் வரான். நீங்கள்தான் அவன்ரை வேலையிடத்துக்குப் போகோணும்” என்றார்.

வேலையிடம் ஓர் அருங்காட்சியகம்.

புதன்கிழமை அங்கே போனேன். மெத்ரோவில் எதிர்த்திசை வண்டியில் ஏறி, மூன்று நிலையம் கடந்த பிறகுதான் தெரிந்தது. கதவு திறக்க ஒரு பிடியை உயர்த்த வேண்டும். அது தெரியாமல் நான்காவது நிலையத்திலும் இறங்கத் தவறினேன். அதற்கடுத்த நிலையத்தில் பின்னால் நின்ற ஒருவர் என் தோளுக்கு மேலால் கை நீட்டித் திறந்துவிட்டார். முகத்தைப் பார்க்கவில்லை.

நதிக்கு அப்பால், ஒரு குறுக்குத் தெருவில் மூன்று மாடிக் கல் வீடு. கொரிய மக்களின் அன்றாட வாழ்க்கையைக் காட்டும் இடம். அரசர்களின் முடியோ வாளோ அங்கே இல்லை. கரண்டி, கூடை, பாய், உலக்கை என்று, வீட்டைக் கூட்டும்போது தட்டுப்படும் பொருட்கள்தான் கண்ணாடிக்குள் இருந்தன. பைக்குள் என்ன இருக்கிறதென்று வாசலில் கேட்டார்கள். உறையைத் திறந்து காட்டினேன். தமிழில் எழுதியிருந்ததைப் பார்த்துத் தலையாட்டி உள்ளே விட்டார்கள்.

முதல் மாடி சமையல். கறுப்பு மண்ணிறச் சாடிகள், இடுப்பளவு உயரம், வரிசையாக. உப்பிட்ட மீனும் இறாலும் மாதக்கணக்கில் கிடந்து நொதிப்பதற்கானவை. மன்னாரில் சாடிக் கருவாடு போடுபவர்களுக்கு இதைப் பார்க்க அனுமதிச் சீட்டுத் தேவையில்லை. ஒரு சாடியின் வாய்விளிம்பு உடைந்து, கம்பி கட்டியிருந்தது. உடைந்ததை எறியாத வீடு ஒன்றிலிருந்து வந்திருக்கிறது.

இரண்டாம் மாடி பிறப்பும் கல்யாணமும். பிள்ளை பிறந்த வீட்டு வாசலில் கட்டும் வைக்கோல் கயிறு. ஆண் பிள்ளையென்றால் அதில் செத்தல் மிளகாய் செருகுவார்களாம், பெண்ணென்றால் கரித்துண்டு. கயிறு தொங்கும்வரை வெளியார் உள்ளே போகக் கூடாது. முதல் பிறந்தநாளில் குழந்தைக்கு முன் அரிசி, நூல், தூரிகை என்று பரப்பி வைத்த சிறு மேசையும் இருந்தது. எதை எடுக்கிறதோ அதுவே அதன் வாழ்வு. நூல் எடுத்தால் நீண்ட ஆயுள். மேசைக்கு முன்னால் இரண்டு பிரெஞ்சுப் பெண்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. ஒருத்தி நூலைக் காட்டிச் சிரித்தாள்.

மூன்றாம் மாடி சாவு.

படியேறியதும் அமலதாஸைக் கண்டேன். கறுப்புக் கோட், கறுப்புக் காற்சட்டை, நெஞ்சில் பெயர் அட்டை. மெலிந்தவர், காதோரம் நரை. இந்த மாடியின் காவலாளியாக ஏழு வருடங்கள். பார்வையாளர்களோடு நின்று கதைக்கக் கூடாது என்பது விதி. அதனால் நான் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்க, அவர் பக்கத்தில் கைகளைப் பின்னால் கட்டி, விளக்கம் சொல்பவர்போலக் கதைத்தார்.

“வாங்கோ அக்கா. கொறற்றி மச்சாள் சொன்னவ. கொண்டந்தனீங்களோ?”

“ஓம். பையிலை இருக்கு.”

“வெளியிலை எடுக்காதேங்கோ. கமெரா.”

முதல் பெட்டியில் மூன்று கோப்பைச் சோறு, மூன்று சோடி வைக்கோல் செருப்பு. சோறு மெழுகு. செருப்பு உண்மையானது. மரண தூதர்கள் மூன்று பேர் களைத்து வருவார்களாம். வாசலில் இதை வைத்தால் இறந்தவரை வழியில் பக்குவமாகக் கூட்டிப் போவார்கள். சில ஊர்களில் உப்புக் கரிக்கும் சோயாக் குழம்பும் வைப்பார்களாம். தூதர்களுக்குத் தண்ணீர் விடாய்க்கும், குடிப்பதற்குத் திரும்பி வருவார்கள், கூடவே இறந்தவரும் வந்துவிடலாம்.

“வெளிநாட்டுக்கு ஆள் கடத்துற ஏஜென்சிக்காரருக்கு நாங்கள் செய்தது மாதிரித்தான்” என்றார் அமலதாஸ். “ஜெறோம் அண்ணை வாற வழியிலை ரஷ்யாவிலை நிக்கேக்கை அங்கத்தை ஏஜெண்டுக்கு நான் ஒவ்வொரு நாளும் போனிலை சலாம் போட்டனான். பக்குவமாக் கூட்டிவா எண்டு.”

அடுத்தது பாடை. நிறம் பூசிய மரம், ஒரு வள்ளத்தின் நீளம். அதன் விளிம்பெங்கும் ஒரு சாண் உயரப் பொம்மைகள். புலிமேல் ஒருவன், மேளத்தோடு ஒருவன், கையால் நிற்கும் கூத்தாடி ஒருவன். வழி காட்ட, காவல் காக்க, பணிவிடை செய்ய, சிரிக்க வைக்க. தனியே போகக் கூடாதென்று நான்கு வேலைக்கும் ஆள் வைத்திருக்கிறார்கள்.

“ஆஸ்பத்திரியிலை என்ன நடந்தது?” என்று கேட்டேன்.

ஒரு தம்பதி கடந்து போகும்வரை படிப் பக்கம் பார்த்து நின்றார்.

“அண்ணையின்ரை ரூமிலை இருக்கிற பெடியன் போன் அடிச்சான். ஓடினன். கண்ணாடிக்குப் பின்னாலை ஒரு மனிசி. ‘ஃபமீ? அமீ?’ எண்டாள். குடும்பமோ, நண்பரோ. கையிலை என்ரை பழைய காட். என்ரை படம், என்ரை பேர். அவளுக்கு முன்னாலை நான் நிக்கிறன். குடும்பமெண்டால் என்ரை பேப்பரைக் கேப்பாள். நான் ‘அமீ’ எண்டிட்டன்.” கையை ஒருமுறை முன்னால் கொண்டுவந்து மறுபடி பின்னால் கட்டினார். “ஒரு எழுத்துத்தான் அக்கா வித்தியாசம். அதுக்குப் பிறகு நான் எங்கை போய் என்னத்தைச் சொல்ல? செத்தது நான். இஞ்சை நிண்டு செருப்புக்குக் காவல் காக்கிறதும் நான்.”

“சொன்னால் என்ன செய்வினம்?”

“காட்டைப் பறிக்கலாம். கேஸ் போடலாம். ஒருத்தருக்கும் வடிவாத் தெரியேல்லை. சொல்லாட்டிலும் வாற மார்கழியிலை காட் முடியுது. புதுப்பிக்கப் போனால், நீ செத்திட்டாய் எண்டு சொல்லுவினம்.” இந்த இடத்தில் அவருக்கே சிரிப்பு வந்தது. “மகளுக்கு ஆனியிலை பள்ளிக்கூடத்துப் பெரிய சோதனை. அதுவரைக்கும் வீட்டிலை ஒரு சத்தமும் வேண்டாமெண்டு மனிசி சொல்லுறா.”

“கொறற்றிக்கு?”

அந்த நேரம் படியில் சத்தம் கேட்டது. ஏழெட்டு முதியவர்களை அழைத்துக்கொண்டு ஒரு கொரியப் பெண் ஏறி வந்தார். ஐம்பது வயதிருக்கும், சாம்பல் நிறக் கழுத்துச் சால்வை. கடைசிப் பெட்டியருகே நின்று பேசத் தொடங்கினார். அமலதாஸ் உதடு அசையாமல் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். ஏழு வருடமாகக் கேட்டது. அந்தப் பெண் வாய் திறப்பதற்கு முன்பே சில வாக்கியங்கள் இவரிடம் முடிந்திருந்தன.

பெட்டிக்குள் ஒரு வெள்ளை மேற்சட்டை. பழையது, கழுத்தில் மஞ்சள் படிந்திருந்தது. ஒருவர் மூச்சை விட்டதும், அவருடைய மேற்சட்டையை எடுத்துக்கொண்டு ஒருவர் கூரைக்கு ஏறுவாராம். ஒரு கையில் சட்டையின் கழுத்து, மறு கையில் இடுப்பு. வடக்கே பார்த்து நின்று கூப்பிட வேண்டும். முதலில் ஊர், பிறகு பெயர். பிறகு மூன்று தடவை, திரும்பி வா. உயிரோடு இருக்கும்போது மூத்தவரின் பெயரை வாயால் சொல்வது மரியாதை இல்லை. இங்கே மட்டும் உரத்துச் சொல்வார்கள். வரவில்லையென்றால் சட்டையைக் கொண்டுவந்து உடல்மேல் போர்த்துவார்கள். அதற்குப் பிறகுதான் அவர் இறந்தவர். அதற்குப் பிறகுதான் அழலாம்.

ஊர், பிறகு பெயர். பதினொரு வருடம் நான் திருத்திய ஒவ்வோர் அறிவித்தலும் இந்த ஒழுங்கில்தான் இருந்தது.

முதியவர்களில் ஒருவர் கையை உயர்த்தி ஏதோ கேட்டார்.

“பேரைப் பிழையாச் சொன்னால் என்ன நடக்கும் எண்டு கேக்கிறார்” என்றார் அமலதாஸ்.

கொரியப் பெண் சற்று யோசித்துப் பதில் சொன்னார். கூட்டம் மெல்லச் சிரித்தது. அமலதாஸ் உடனே மொழிபெயர்க்கவில்லை. அவர்கள் படியிறங்கிய பிறகு சொன்னார்.

“அப்பிடி ஒருத்தரும் பிழை விடமாட்டினமாம். தெரிஞ்ச ஆள்தானே கூப்பிடுறதாம்.”

பிறகு, “இன்னொண்டும் சொல்லுறவ. இண்டைக்குச் சொல்லேல்லை. கிட்டின சொந்தக்காரர் கூப்பிடுறேல்லையாம், பழகின ஆரும்தானாம். அமீதான் கூப்பிடலாம்” என்றார்.

ஒரு மணிக்கு அவருக்கு அரை மணி நேர ஓய்வு. பின்வாசல் படியில் இருந்து தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். சோறும் பாரைமீன் குழம்பும். பாதியை மூடியில் போட்டு எனக்குத் தந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. கொரியப் பெண் கடந்து போகும்போது, “போன் அப்பெத்தி, முசியூ அமலதாஸ்” என்றார். நல்லாச் சாப்பிடுங்கோ எண்டு அர்த்தம் என்று அமலதாஸ் எனக்கு விளங்கப்படுத்தினார். பெயரைச் சொன்னபோது அவருடைய கை சோற்றில் நின்றது.

“நாளைக்கு மெறியிலை பேப்பர் முடிக்கினம் எண்டு பிலிப்பு அண்ணை சொன்னார்” என்றேன். மெறி என்பது நகரசபை. இறப்புப் பதிவு அங்கேதான். “நீங்கள் வந்து வாயாலை சொன்னால்தான் இந்த உறைக்கு மதிப்பு.”

“ஒன்பது மணிக்குத்தானே?”

“ஓம்.”

“வாறன் அக்கா.” பெட்டியை மூடினார். “அண்ணை என்ரை காட்டாலை நாலு வயது இளமையாப் போனார். ‘தம்பி, இப்ப நானும் நீயும் இரட்டைப் பிள்ளையள்’ எண்டு பகிடி விடுறவர். வாறன்.”

வியாழக்கிழமை எட்டே முக்காலுக்கு நானும் பிலிப்பு அண்ணையும் நகரசபை வாசலில் நின்றோம். வெளியே மூன்று கொடிகள், உள்ளே பிளாஸ்திக் கதிரைகள், எண் காட்டும் பலகை. எங்களுக்கு முன்னால் ஒரு தம்பதி கைக்குழந்தையோடு பிறப்புப் பதிய வந்திருந்தார்கள். பிறப்புக்கும் இறப்புக்கும் ஒரே ஜன்னல்.

ஒன்பது மணி. ஒன்பதே கால். தமிழர் ஒருவர் வேகமாக உள்ளே வந்தார். கல்யாணப் பத்திரம் எடுக்க வந்தவர். ஒன்பது முப்பத்தைந்துக்கு என் கைத்தொலைபேசியில் செய்தி வந்தது.

‘மகளின்ரை சோதனை முடியட்டும் அக்கா. ஆனிக்குப் பிறகு கட்டாயம் போய்ச் சொல்லுவன். மன்னியுங்கோ.’

பிலிப்பு அண்ணைக்குக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி வாசித்தார்.

“ஆனிக்குப் பிறகு மாத்தலாமோ?”

“கோடு வழக்கெண்டு போனால் மாத்தலாமாம். வருசக்கணக்காகும். அவன் போய்ச் சொன்னால்.”

எங்கள் எண் விழுந்தது. ஜன்னலுக்குப் பின்னால் இளம் பெண், நகத்தில் பச்சைச் சாயம். ஆஸ்பத்திரியின் கடிதத்தை வாசித்துத் தட்டச்சு செய்தாள். திரையில் பெயர் எழுத்தெழுத்தாக வந்தது. அருளப்பு என்பதில் ஓர் எழுத்துக் கூடியிருந்தது. என் கண் தன் பழக்கத்தில் அதைப் பிடித்தது. பிலிப்பு அண்ணையிடம் சொன்னேன், அவர் அவளிடம் சொன்னார், அவள் நன்றி சொல்லித் திருத்தினாள்.

பிறகு என்னைப் பார்த்தாள். என் மடியில் பழுப்பு உறை இருந்தது.

“ஃபமீ? அமீ?”

இதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. உறையைக் கொடுத்தால் அவள் திறப்பாள். ஜெறோமின் படம் இருக்கும். மதியத்துக்கு முன் மூன்றாம் மாடிக்குப் பொலிஸ் போகும். கொடுக்காவிட்டால் பேசாலையில் ஒரு பெண் விதவையும் இல்லை, மனைவியும் இல்லை. பிலிப்பு அண்ணை என் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் குழந்தை அழத் தொடங்கியது.

“அமீ” என்றேன்.

அவள் முத்திரை குத்தினாள். பத்து மணி ஆறு நிமிடம்.

பிற்பகல் கொறற்றிக்கு அழைத்தேன். அங்கே இருட்டத் தொடங்கியிருந்தது. கோயில் மணி கேட்டது. நடந்ததை நடந்தபடியே சொன்னேன், நான் ஜன்னலில் சொன்ன சொல் உட்பட.

“அப்ப அவர் செத்தவரோ இல்லையோ அக்கா?”

கைத்தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினேன்.

“அமலனை ஏசாதேங்கோ. அவர் அங்கை இறங்கின அண்டைக்கு அவன்தான் சோறு போட்டவன்.” மூக்கை உறிஞ்சும் சத்தம். “ஆனால் நான் அவனோடை இனிக் கதைக்கமாட்டன். அதையும் சொல்லிவிடுங்கோ.”

“சொல்லுறன்.”

“உங்கடை பேப்பரிலையெண்டாலும் முழுப் பேரோடை ஒரு அறிவித்தல் போடுவியளோ? நாலு சனம் பார்க்கட்டும். சந்தியோகு ஜெறோம் எண்டு.”

மரணச் சான்றிதழின் பிரதி கேட்பார்கள் என்றேன்.

“நீங்கள் சொன்னாலுமோ?”

“நான் சொன்னாலும்.”

அந்த விதியை எழுதியது யாரென்று கொறற்றி கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை. புறநகர் மயானம், தகர நிற வானம். ஊர் ஆட்கள் முப்பது பேர்வரை வந்திருந்தார்கள், பாதிப் பேர் வேலை உடுப்போடு. சுவாமி தமிழர். செபத்தில் பெயர் வரவேண்டிய இடமெல்லாம் ‘எங்கள் சகோதரர்’ என்றார். ஒருவரும் தலை நிமிரவில்லை. பெட்டியை இறக்கிய நான்கு பிரெஞ்சு ஊழியர்களும் குல்லாவைக் கழற்றி நின்றார்கள். நின்றவர்களில் இறந்தவரின் பெயர் தெரியாதவர்கள் அவர்கள் மட்டும்தான்.

அமலதாஸ் கடைசி வரிசைக்கும் பின்னால், ஒரு மரத்தடியில் நின்றார். பனிக்குல்லா புருவம்வரை இறங்கியிருந்தது. கோட்டுக்குள் கறுப்புச் சீருடை. சனம் கலைந்து வாசலுக்குப் போன பிறகு கிட்ட வந்தார். நான் கொறற்றி சொன்னதைச் சொன்னேன். தலையாட்டினார்.

கையில் ஒரு பிளாஸ்திக் பை. அதற்குள்ளிருந்து நீலச் சட்டை ஒன்றை எடுத்தார். அறிவித்தல் படத்தில் ஜெறோம் போட்டிருந்தது.

“வடக்கு எது அக்கா?”

சூரியன் தெரியவில்லை. கைத்தொலைபேசியில் திசைகாட்டியைத் திறந்து பார்த்து, மதிலுக்கு அப்பால் தெரிந்த மாடிக் கட்டடங்களின் பக்கம் கையைக் காட்டினேன். அவர் திரும்பி நின்றார். ஒரு கையில் சட்டையின் கழுத்து, மறு கையில் அதன் அடி. தொண்டையைச் செருமினார்.

“பேசாலை” என்றார். சத்தம் போதவில்லை. மறுபடி, உரத்து, “பேசாலை!” என்றார்.

மண் தள்ளுவதற்கு ஊழியர் ஒருவர் கைவண்டியோடு வந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்து மரியாதையாகச் சற்றுத் தள்ளி நின்றார். அமலதாஸ் அவரைப் பார்த்தார். வாய் திறந்தபடி இருந்தது. பிறகு மூடியது. சட்டையை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார்.

“ஒரு மணிக்கு வேலை” என்றார்.

குனிந்து ஒரு கை மண் எடுத்துப் போட்டார். தலைமாட்டில் நட்டிருந்த மரச் சிலுவையில் சிறிய தகடு. அருளப்பு அமலதாஸ் என்ற பெயர் அதில் எழுத்துப் பிழை இல்லாமல் பொறிக்கப்பட்டிருந்தது.